மேற்படி என்பதற்கு என்ன சைகை?

கோர்ட் காகிதங்களைத் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. நான் வக்கீல் இல்லை. பி.ஏ. இங்கிலீஷ், ஒரு பழைய கம்ப்யூட்டர், பதினான்கு வருடப் பழக்கம், அவ்வளவுதான். ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகிறது என்றால், கீழ்க்கோர்ட்டில் தமிழில் பதிவான சாட்சியம், புகார், மகஜர் எல்லாம் இங்கிலீஷில் போய்ச் சேர வேண்டும். அந்த வேலை என்னைப் போன்றவர்களிடம் வரும். பெரும்பாலும் பாகப்பிரிவினை, பாதைத் தகராறு, உயில். இடையிடையே கொலை. இடையிடையே இது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கட்டு வந்தது. பாலியல் வன்கொடுமை வழக்கு. கீழ்க்கோர்ட் தண்டனை கொடுத்து, ஹைகோர்ட் அதை உறுதி செய்து, எதிரித் தரப்பு டெல்லிக்கு அப்பீல் போகிறது. (எதிரி என்றால் பகைவன் என்று நினைக்க வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நம் ஊர்க் கோர்ட் தமிழில் அதுதான் பெயர்.) ஊர், வருடம், உறவுமுறை எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. சில விவரங்களை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டக் கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தப் பெண்ணுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடம் போனதில்லை. வழக்கில் அவர் அ.சா.2, அரசுத் தரப்பின் இரண்டாவது சாட்சி. அவருடைய சாட்சியம் இப்படித் தொடங்கியது:

“(சாட்சி சைகை மூலம் கூறுவதை அவரது தாயார் விளக்கிக் கூறுகிறார்.) நான் மேற்படி விலாசத்தில் என் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். ஆஜர் எதிரியை எனக்குத் தெரியும். சம்பவத்தன்று நான் வீட்டில் தனியாக இருந்த சமயம் எதிரி அத்துமீறி உள்ளே நுழைந்து என்னைப் பலவந்தமாகக் கெடுத்துவிட்டார்.”

மேற்படி விலாசத்தில். அந்த இடத்திலேயே கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மேற்படி என்பதற்கு என்ன சைகை? ‘குடியிருந்து வருகிறேன்’ என்பதற்கு? ‘அத்துமீறி’ என்பதை ஒரு பெண் கையால் எப்படிச் சொல்லியிருப்பார்?

கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தால் நடந்தது புரியும். அந்தப் பெண் கையாலும் முகத்தாலும் ஏதோ சொன்னார். அதை அம்மா தன் பேச்சில் சொன்னார். அம்மா சொன்னதை நீதிபதி கோர்ட் தமிழுக்கு மாற்றிச் சொல்லச் சொல்ல, டைப்பிஸ்ட் அடித்தார். இப்போது நான் அதை இங்கிலீஷ் ஆக்க வேண்டும். கை அசைந்த அந்த ஒரு நிமிடத்துக்கும் டெல்லி நீதிபதியின் மேஜைக்கும் நடுவில் நான்கு பேர் நிற்கிறோம், ஒருவர் தோள்மேல் ஒருவராக.

கெடுத்துவிட்டார் என்ற சொல்லைப் பற்றித் தனியாக ஒரு பதிவே எழுதலாம். பால் கெட்டுப்போகும், பேர் கெட்டுப்போகும். பெண்ணும் அதே வினைச்சொல்லில். அதற்கு முந்தைய தலைமுறைக் காகிதங்களில் கற்பழிப்பு என்று இருக்கும், அழிந்தது கற்பு என்று எழுதுகிறவரே முடிவு செய்துவிட்ட மாதிரி. பத்திரிகைகள் இப்போது வன்கொடுமை, வன்புணர்வு என்று மாறிவிட்டன. போலீஸ் ஸ்டேஷன் தமிழ் அவ்வளவு சீக்கிரம் மாறாது. நான் கவலைப்பட்டது வேறொன்றைப் பற்றி. பள்ளிக்கூடமே பார்க்காத ஒரு பெண்ணின் விரல்களில் ‘கெடுப்பது’ என்ற கருத்து இருந்திருக்காது. அவர் நடந்ததைக் காட்டியிருப்பார். எங்கே தொட்டான், எப்படி அழுத்தினான், எங்கே வலித்தது என்று உடம்பால் காட்டியிருப்பார். காட்டியது எதுவும் காகிதத்தில் இல்லை. காட்டியதற்குப் பேர் வைத்தது மட்டும் இருக்கிறது.

சினிமா பார்த்துப் பழகிய நமக்கு ஹைகோர்ட் என்றாலும் சாட்சிக் கூண்டும் கதறலும்தான் நினைவுக்கு வரும். அப்பீலில் சாட்சி வருவதில்லை. பாதிக்கப்பட்டவர் வருவதில்லை, பல நேரம் எதிரியும் வருவதில்லை. வருவது ஒரு கட்டு மட்டும். டைப்டு செட் என்பார்கள், பேப்பர் புக் என்பார்கள். நீதிபதிகள் அதைப் புரட்டுகிறார்கள், வக்கீல்கள் பக்க எண் சொல்லி வாதாடுகிறார்கள். விசாரணை நீதிபதி நேரில் பார்த்தவர். அவர் பார்த்ததற்கு அப்பீல் கோர்ட் மதிப்புக் கொடுக்கும். ஆனால் அவர் பார்த்ததை எழுதி வைத்திருந்தால்தானே. சாட்சி நடந்துகொண்ட விதத்தைப் பற்றி முக்கியமாகப் படுவதைக் குறித்து வைக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280ஆம் பிரிவே சொல்கிறது. என் கைக்கு வந்த கட்டுகளில் அப்படிக் குறித்த நீதிபதிகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். “சாட்சி அழுகிறார்” என்று இருக்கும், அதற்கு மேல் போகாது.

அந்தக் கட்டை முடித்துக் கொடுத்த பிறகு இந்த மாதிரி அப்பீல்களின் தீர்ப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ராத்திரி நேர வாசிப்பு, காசு வராத வாசிப்பு.

முதலில் அகப்பட்டது 1979இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன ஒரு தீர்ப்பு. மாங்கே எதிர் ஹரியானா அரசு. பாதிக்கப்பட்டவள் 13 வயதுச் சிறுமி, காது கேளாத, வாய் பேசாத குழந்தை. அவளைக் கோர்ட்டில் விசாரிக்கவே இல்லை. எதிரித் தரப்பு அதைப் பெரிய ஓட்டை என்று காட்டியது. நேரில் பார்த்த சாட்சி இருக்கிறது, மருத்துவச் சான்று இருக்கிறது என்று சொல்லி நீதிபதிகள் தண்டனையை உறுதி செய்தார்கள். நியாயமான முடிவுதான். ஆனால் போகிறபோக்கில் ஒன்று சொன்னார்கள்: அவள் சிறுமி, போதாததற்குச் செவிடும் ஊமையும், அவளை விசாரித்து உருப்படியாக ஒரு பயனும் இருந்திருக்காது.

படித்துவிட்டு எனக்கு யார் மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. வழக்கு ஜெயித்துவிட்டது. அவள் பேச்சுக்கு மட்டும் விலை பூஜ்யம் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே எழுதிக் கொடுத்துவிட்டது.

2017இலும் ஏறக்குறைய அதே கதை. மகாராஷ்டிரா அரசு எதிர் பந்து என்ற வழக்கு. பாதிக்கப்பட்ட பெண்ணுக்குக் காதும் பேச்சும் இல்லை, அறிவு வளர்ச்சியிலும் குறை. கீழ்க்கோர்ட் தண்டித்தது. அவரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கவில்லை என்பதைக் காரணமாக்கி பம்பாய் ஹைகோர்ட் எதிரியை விடுதலை செய்தது. சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளி, மற்ற சாட்சியம் போதும் என்று தண்டனையை மீட்டது. கூடவே ஒன்று செய்தது: இப்படிப்பட்ட சாட்சிகள் பயமில்லாமல் சாட்சி சொல்லத் தனி மையங்கள் வேண்டும், ஒவ்வொரு ஹைகோர்ட்டின் எல்லையிலும் குறைந்தது இரண்டாவது மூன்று மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2022 ஜனவரியில் இன்னொரு உத்தரவில், பலவீனமான நிலையில் உள்ள சாட்சி என்ற வரையறைக்குள் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தது. முன்பு பதினெட்டு வயதுக்குக் கீழே என்றுதான் பெரும்பாலும் நினைத்திருந்தார்கள்.

அப்புறம் 2021 ஏப்ரல் 27. பட்டான் ஜமால் வலி எதிர் ஆந்திரப் பிரதேச அரசு. சந்திரசூட், எம்.ஆர்.ஷா என்ற இரு நீதிபதிகள். நான் திரும்பத் திரும்பப் படித்த தீர்ப்பு இதுதான்.

2011 மார்ச் 31, காலை ஒன்பது மணி வாக்கில் நடந்தது. பாதிக்கப்பட்டவர் பிறவியிலேயே பார்வையில்லாத, பட்டியல் சாதியைச் சேர்ந்த இளம்பெண். எதிரி அவருடைய அண்ணன்களின் நண்பன், சில மாதங்களாக வீட்டுக்கு வந்து போகிறவன். அம்மா தெருக்குழாயடியில் இருக்கிறார். அவன் வந்து பையன்கள் எங்கே என்று விசாரித்துவிட்டுப் போகிறான். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து மகளின் அலறல். கதவு உள்ளே தாழ்ப்பாள். மற்றவர்களும் ஓடிவர, ஆள் அங்கேயே பிடிபடுகிறான்.

வந்தவன் யார் என்பதை அந்தப் பெண் குரலை வைத்துச் சொன்னார். பார்வை உள்ளவர்கள் முகத்தை வைத்து ஆளைச் சொல்வதைப் போல அவர் தினமும் குரலை வைத்துத்தான் ஆட்களை அறிகிறார். அதில் குறைவான நிச்சயம் என்று ஒன்றுமில்லை. நீதிபதிகளும் அதை ஏற்றார்கள். மாற்றுத்திறனாளி ஒருவர் உலகத்தோடு வேறு விதமாகப் பழகுகிறார் என்பதற்காக அவர் சாட்சியத்தைப் பலவீனமானது, தரம் குறைந்தது என்று தள்ள முடியாது என்று எழுதினார்கள். 1979 தீர்ப்பின் அந்த ‘ஒரு பயனும் இல்லை’ வரியை எடுத்துக் காட்டி, இப்படித்தான் நாமும் செய்திருக்கிறோம் என்று தன் கோர்ட்டையே சொல்லிக்கொண்டார்கள். நாற்பத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆயுள் தண்டனை உறுதியானது. நீதிபதிகளுக்குப் பயிற்சி, போலீஸுக்குப் பயிற்சி, சிறப்பு ஆசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் கிடைக்க ஏற்பாடு என்று ஒரு பட்டியலும் கொடுத்தார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஊனத்தையும் ஒரு விவரமாகச் சேர்த்துத் தனியாகக் கணக்கு வைப்பதை யோசிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். எத்தனை பேர் என்ற எண்ணே இல்லாமல்தான் அதுவரை இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு ஆறாத பகுதி ஒன்று உண்டு. கீழ்க்கோர்ட் அவனைப் பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(v) பிரிவிலும் தண்டித்திருந்தது. அவள் பட்டியல் சாதி என்பதன் காரணமாகவே குற்றம் செய்தான் என்று நிரூபிக்க வேண்டிய பிரிவு அது. 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, அவள் சாதி தெரிந்தே செய்தான் என்றால் போதும். ஆனால் சம்பவம் 2011இல் நடந்ததால் பழைய சட்டம்தான். சாதி, பெண், பார்வையின்மை மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன, எதையும் தனியே உரித்தெடுக்க முடியாது என்று பக்கம் பக்கமாக எழுதிய அதே நீதிபதிகள், அந்தப் பிரிவின் தண்டனையை ரத்து செய்தார்கள். காரணம், அரசுத் தரப்பு அதற்கென்று தனியாகச் சாட்சியம் வைக்கவில்லை. படிக்கும்போது எரிச்சலாக இருந்தது. பிறகு என் தொழில் புத்தியில் பார்த்தேன். கீழ்க்கோர்ட்டில் யாராவது ஒரு கேள்வி கேட்டு, ஒரு பதில் பதிவாகியிருந்தால் நீதிபதிகளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு வரி இருந்திருக்கும். அப்பீலில் கூடுதல் சாட்சியம் எடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது என்றாலும் அது அபூர்வம். இல்லாத பக்கத்தை எவ்வளவு நல்ல நீதிபதியாலும் புரட்ட முடியாது.

இன்னொன்றும்: 2011 சம்பவம், 2019இல் ஹைகோர்ட், 2021இல் சுப்ரீம் கோர்ட். பத்து வருடம்.

சரி, காது கேளாத சாட்சிக்கு வருகிறேன். இவர்களைப் பற்றிய அப்பீல்களில் எல்லாரும் காட்டும் தீர்ப்பு 2012இல் வந்த ராஜஸ்தான் அரசு எதிர் தர்ஷன் சிங். அது பாலியல் வழக்கே இல்லை, கொலை வழக்கு. கணவனைக் கொன்றதை நேரில் பார்த்த ஒரே சாட்சி காது கேளாத மனைவி. அவர் சைகையை விளக்கிச் சொன்னது அவருடைய அப்பா. அப்பாவோ புலன்விசாரணையிலிருந்தே வழக்கில் ஊறியவர். சத்தியப்பிரமாணமும் இல்லாமல் பதிவாகிவிட்டது. இதை நம்பித் தண்டிக்க முடியாது என்று சொல்லி சுப்ரீம் கோர்ட் விடுதலையை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு வரி: பதிவாக வேண்டியது சைகைகள், சைகைகளின் விளக்கம் அல்ல.

படித்தபோது சிலிர்த்தது என்றால் மிகையில்லை. எனக்கு வந்த கட்டில் இருந்த அந்த இரண்டரைப் பக்கச் சாட்சியத்தின் குறையை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். இந்த விதி எதிரிக்கு மட்டும் சாதகம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு நிரபராதியின் தலைக்கு மேல் யாரோ ஒருவருடைய விளக்கம் மட்டும் தொங்கினால் அதுவும் அநியாயம்தான். “சாட்சி கதவைக் காட்டுகிறார், பிறகு தன் வாயைக் கையால் பொத்திக் காட்டுகிறார்” என்று எழுதியிருந்தால் இரண்டு பக்கத்துக்கும் பிடிமானம் இருக்கும். அம்மா தப்பாக விளக்கியிருந்தால் கண்டுபிடிக்கலாம். சரியாக விளக்கியிருந்தால் அசைக்க முடியாது.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. இதை எனக்கு விளக்கியது காது கேளாத குழந்தைகளுக்கு இருபது வருடமாகப் பாடம் சொல்லித்தரும் என் கல்லூரித் தோழி. “இந்திய சைகை மொழி தெரிஞ்ச ஆள் வேணும்னு கோர்ட் கேக்கும். கிராமத்துல வீட்டோட இருக்கற பொண்ணுக்கு அந்த மொழி எப்படி டீ தெரியும்? அது பேசறது வீட்டுச் சைகை. அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் மட்டும் புரியும். சர்ட்டிபிகேட் வச்சிருக்கற ஆளைக் கொண்டுவந்தா அவருக்கும் ஒண்ணும் புரியாது, பொண்ணுக்கும் ஒண்ணும் புரியாது.” ஆக, புரிகிற ஆள் அம்மா. அம்மா விளக்கினால் ‘வழக்கில் அக்கறை உள்ளவர்’ என்று அப்பீலில் தாக்குவார்கள். வெளி ஆள் விளக்கினால் ‘புரியாமல் சொன்னார்’ என்று தாக்குவார்கள். எந்தப் பக்கம் போனாலும் முள். 2023 செப்டம்பரில் காது கேளாத ஒரு வழக்கறிஞர் சைகை மொழிபெயர்ப்பாளரோடு சுப்ரீம் கோர்ட்டில் ஆஜரான செய்தியைப் பார்த்துத் தோழிக்கு அனுப்பினேன். சந்தோஷப்பட்டாள். “தாலுகா கோர்ட்டுக்கு எப்ப வருமாம்?” என்று அடுத்த நிமிடமே பதில் வந்தது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. டெல்லி பேருந்துக் கொடுமைக்குப் பிறகு 2013இல் வந்த திருத்தம் நிறைய செய்தது. மாற்றுத்திறனாளிப் பெண்ணிடம் புகார் வாங்க அவர் வீட்டுக்கோ அவருக்கு வசதியான இடத்துக்கோ போலீஸ் போக வேண்டும்; மொழிபெயர்ப்பாளரோ சிறப்பு ஆசிரியரோ உடன் இருக்க வேண்டும்; வீடியோ எடுக்க வேண்டும். மாஜிஸ்திரேட் முன்னால் (பழைய நடைமுறைச் சட்டத்தின் 164ஆம் பிரிவில்) கொடுக்கும் வாக்குமூலத்தையே முதல் விசாரணையாக எடுத்துக்கொண்டு நேரே குறுக்கு விசாரணைக்குப் போகலாம். அந்தப் பெண் கதை முழுவதையும் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. சாட்சியச் சட்டம் 119இல் இருந்த ‘ஊமைச் சாட்சி’ என்ற பேர் போய் ‘வாய்மொழியாகத் தெரிவிக்க இயலாத சாட்சி’ என்று வந்தது. அங்கேயும் வீடியோ கட்டாயம். 2024 ஜூலை 1இல் புதுச் சட்டங்கள் வந்தபோது அது 125 ஆனது. ஊனமுற்ற பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தது பத்து வருடம் என்பதும் தொடர்கிறது.

எல்லாம் நல்லதுதான். வீடியோ எங்கே போகிறது என்று மட்டும் கேளுங்கள். நான் பார்த்த ஒரு கட்டில் ஆவணப் பட்டியலில் “குறுந்தகடு 1” என்று ஒரு வரி இருந்தது. கட்டில் தகடு இல்லை, அது கீழ்க்கோர்ட் ரெக்கார்டு அறையில் ஏதோ ஒரு உறைக்குள். டெல்லிக்குப் போன பக்கங்களில் அந்த ஒரு வரியை நான் மொழிபெயர்த்தேன்.

அறிவு வளர்ச்சி குறைந்தவர்களின் வழக்குகள் வேறு வகைச் சங்கடம். சாட்சி சொல்லத் தகுதி இருக்கிறதா என்று நீதிபதி முதலில் சில கேள்விகள் கேட்பார். உன் பேர் என்ன, இது எந்த இடம், பொய் சொன்னால் என்ன ஆகும். “சாமி கண்ணைக் குத்தும்” என்ற பதிலை நான் மூன்று வழக்குகளில் மொழிபெயர்த்திருக்கிறேன். இங்கிலீஷில் படித்தால் அந்தச் சாமி ஏதோ பயங்கர ஆசாமி போலத் தெரிகிறது. நம் சட்டப்படி கேள்வி புரிந்து பதில் சொல்ல முடிந்தால் போதும், யாரும் சாட்சி ஆகலாம்.

கனடாவில் இதே விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒன்டாரியோவில் 26 வயதுப் பெண், மூன்றிலிருந்து ஆறு வயதுக் குழந்தையின் அறிவு வளர்ச்சி. அம்மாவோடு நான்கு வருடம் அந்த வீட்டில் வாழ்ந்த ஆள் மேல் புகார். விசாரணை நீதிபதி அவரிடம் உண்மை என்றால் என்ன, வாக்குறுதி என்றால் என்ன, மீறினால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு எது உண்மை எது பொய் என்று சின்ன விஷயங்களில் பிரித்துச் சொல்லத் தெரிந்தது. தத்துவக் கேள்விக்குத் தெரியாது என்றார். சாட்சியே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள், ஆள் விடுதலை. 2012 பிப்ரவரியில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. உண்மை சொல்கிறேன் என்று சொன்னால் போதும், உண்மைக்கு இலக்கணம் சொல்ல வேண்டியதில்லை என்றது. உண்மை என்றால் என்ன என்று நம் நீதிபதிகளைக் கூண்டில் ஏற்றிக் கேட்டால் எத்தனை பேர் தேறுவார்கள் என்பது என் சொந்தச் சந்தேகம்.

அதே 2012, அக்டோபர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில உச்ச நீதிமன்றம். மூளை முடக்குவாதம் உள்ள பெண், பேச முடியாது, எழுத்துப் பலகையில் விரலால் தொட்டுக் காட்டுவார். ஜூரி குற்றவாளி என்றது. நான்கு நீதிபதிகள், மூவர் மறுக்க, விடுவித்தார்கள். அரசுத் தரப்பு அவரை ‘உடலளவில் செயலற்றவர்’ என்ற பிரிவில் வைத்து வழக்குப் போட்டிருந்தது. சம்மதமில்லை என்று தெரிவிக்கவே முடியாதவர் என்று அதற்குப் பொருள். கடிப்பார், உதைப்பார், கீச்சிடுவார் என்று சாட்சியம் இருந்ததால் அவரால் தெரிவிக்க முடியும், ஆகவே பிரிவு பொருந்தாது என்றார்கள். சட்ட வாதம் புரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்ணின் உடல்மொழியை ஒரு கோர்ட் இவ்வளவு கவனமாகப் படித்தது, அவருக்கு எதிராகப் படிக்கத்தான்.

கீழ்க்கோர்ட்டிலேயே விடுதலை ஆகிவிட்டால் அப்பீல் இன்னும் செங்குத்து. எதிரி நிரபராதி என்ற ஊகம் விடுதலையால் இரட்டிப்பாகிவிடும். சாட்சியத்தை இரண்டு விதமாகப் பார்க்க முடியும் என்றால் கை வைக்க மாட்டார்கள். 2009 கடைசி நாளில் அமலான திருத்தத்தால் பாதிக்கப்பட்டவரே அப்பீல் போகலாம். அதற்குக் கோர்ட்டின் முன்அனுமதி தேவையில்லை என்று 2018இல் தீர்ப்பும் வந்தது. உரிமை பெரிய உரிமை. போவது என்னவோ அதே கட்டுதான்.

இனி அந்தப் பழைய கட்டு. இரண்டரைப் பக்கச் சாட்சியத்தில் ஒரே ஒரு வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது. குறுக்கு விசாரணைப் பகுதியில். நம் ஊர்க் குறுக்கு விசாரணைக்கு ஒரு பாட்டு உண்டு: “எதிரி அன்று ஊரிலேயே இல்லை என்றால் சரியல்ல. முன்விரோதம் காரணமாகப் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல.” வக்கீல் சொல்வதையும் சாட்சி மறுப்பதையும் ஒரே வாக்கியத்தில் மடக்கிவிடுவார்கள். இந்தப் பெண்ணின் வாயிலும் அப்படி ஆறு ‘சரியல்ல’ வைத்திருந்தார்கள். ஏழாவதில் நீதிபதிக்கு என்ன தோன்றியதோ, நின்று பார்த்திருக்கிறார்: “வந்தது யார் என்று கேட்டதற்குச் சாட்சி பதில் ஏதும் கூறாமல், தன் இடது மணிக்கட்டை வலது கையால் சுற்றிப் பிடித்துக் காட்டுகிறார்.”

விளக்கம் இல்லை. அம்மாவிடம் கேட்டார்களா என்றும் இல்லை. அடுத்த வரி அடுத்த சாட்சி.

அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினேன். மறுநாள் அப்பீல் போகும் எதிரித் தரப்பின் ஜூனியர் வக்கீல் போன் செய்தார். நல்ல பையன், மரியாதையானவர்.

“அக்கா, பக்கம் நாற்பத்தேழுல ‘பதில் ஏதும் கூறாமல்’ங்கறது தெளிவா வந்திருக்கு, சூப்பர். அதுதான் எங்களோட மெயின் கிரவுண்டு. அதுக்கு அப்புறம் வர்றதை ‘ஏதோ சைகை காட்டுகிறார்’னு போட்டாப் போதுமே.”

“அப்படி இல்லையே தம்பி. மணிக்கட்டுன்னு இருக்கு.”

“அர்த்தம் ஒண்ணுதானே அக்கா.”

கடைசிப் பக்கத்தில் ‘சரியான மொழிபெயர்ப்பு’ என்று எழுதி என் கையெழுத்தைப் போடுகிறேன், மாற்ற முடியாது என்றேன். சரிக்கா என்று வைத்துவிட்டார். பணம் ஒழுங்காக வந்தது. அப்பீல் என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்குச் சொல்லும் வழக்கம் இல்லை.

பல மாதம் கழித்துத் தோழியிடம், வழக்கு எது என்று சொல்லாமல், கையை மட்டும் செய்து காட்டினேன். இப்படிப் பிடித்தால் என்ன அர்த்தம்?

“அந்த வீட்டுல என்ன அர்த்தமோ அது. வளையலா இருக்கலாம். மணி என்னங்கறதா இருக்கலாம். கையைப் பிடிச்சான்னு இருக்கலாம்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “எங்க ஸ்கூலுக்குப் புதுசா வர்ற புள்ளைங்க யாரையும் பேர் சொல்லாது. பேர்னு ஒண்ணு காதுல விழுந்திருந்தாத்தானே. ஆளுக்கு ஒரு அடையாளம் வச்சுக்கும். மூக்குத்தி போட்டவ, தழும்புக்காரன், மீசைக்காரன். கையில கயிறு கட்டினவன்.”

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். கட்டு திரும்பிப் போய் வெகுநாளாகிவிட்டது. என்னிடம் இருந்தது என் இங்கிலீஷ் மட்டும். எதிரியின் கையில் கயிறு இருந்ததாக எங்காவது வருகிறதா என்று முதல் பக்கத்திலிருந்து தேடினேன். அங்க அடையாளங்கள் கைது குறிப்பில்தான் இருக்கும். மொழிபெயர்க்க எனக்குக் கொடுத்த பக்கங்களில் கைது குறிப்பு இல்லை.